திரையில் முடித்தால் ஓடும் பிசினஸ் ரூல், ஏபிஐ வழியாக முடித்தால் ஓடுவதில்லை

தாமிரபரணி_கரை கேட்டது:

வணக்கம். ஒரு மருத்துவமனையில் சர்வீஸ்நவ் (பழுது, வேலைகளை டிக்கெட்டாகப் பதிந்து நடத்தும் மென்பொருள்) பார்த்துக்கொள்கிறேன். இந்த வேலைக்கு நான் ஒருத்திதான், பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

வார்டில் இன்ஃபியூஷன் பம்ப், சிரிஞ்ச் பம்ப், மானிட்டர் ஏதாவது பழுதானால் சிஸ்டர் இன்சிடென்ட் டேபிளில் ஒரு டிக்கெட் போடுவார். பழுது பார்ப்பது ஒரு வெளி நிறுவனம். அவர்களுடைய ஆள் வேலையை முடித்ததும் அவர்களுடைய மென்பொருளில் 'முடிந்தது' என்று பதிவார். அது ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) வழியாக எங்கள் டிக்கெட்டின் ஸ்டேட்டை 6 ஆக்கும், அதாவது ரிசால்வ்டு.

ஸ்டேட் 6 ஆனதும் ஒரு ஆஃப்டர் ரூல், அதாவது பதிவு சேமிக்கப்பட்ட பிறகு தானாக ஓடும் பிசினஸ் ரூல், ஓட வேண்டும். அதற்கு வேலை ஒன்றே ஒன்று: அந்தக் கருவியின் பெயரில் 'அளவு சரிபார்ப்பு' என்று ஒரு டாஸ்க் உண்டாக்கி பயோமெடிக்கல் பிரிவுக்கு அனுப்புவது. மணிக்கு 5 மில்லி என்று வைத்தால் 5 மில்லிதான் இறங்குகிறதா என்று அவர்கள் அளந்து பார்த்து, தேதி எழுதிய ஸ்டிக்கர் ஒட்டிய பிறகுதான் பம்ப் வார்டுக்குத் திரும்பலாம்.

நான் திரையில் ரிசால்வ் செய்தால் டாஸ்க் வருகிறது. அவர்களிடமிருந்து ஏபிஐ வழியாக வந்தால் ஸ்டேட் மாறுகிறது, 200 (வெற்றி) என்று பதிலும் போகிறது, டாஸ்க் மட்டும் வருவதில்லை. சிஸ்டம் லாகில் எரர் எதுவும் இல்லை.

இது எப்படித் தெரியவந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு சிஸ்டர் போன் செய்தார். "சர்வீஸ் முடிஞ்சு வந்த பம்புல போன வருஷத்து ஸ்டிக்கர்தான் இருக்கு, இதைக் குழந்தைக்குப் போடலாமா?" என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. போட வேண்டாம், தனியாக எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுத் தேட ஆரம்பித்தேன். அதே மாதிரி சரிபார்க்காமல் வார்டுக்குப் போன இன்ஃபியூஷன் பம்ப் மட்டும் 37.

இதுவரை பார்த்தவை: ரூல் ஆக்டிவாக இருக்கிறது, அப்டேட் டிக் இருக்கிறது, கண்டிஷன் 'ஸ்டேட் சேஞ்சஸ் டு ரிசால்வ்டு'. டீபக் பிசினஸ் ரூல் ஆன் செய்து காத்திருந்தேன், ஏபிஐ அழைப்பு வந்தபோது திரையில் ஒரு வரியும் வரவில்லை. ரெஸ்ட் ஏபிஐ எக்ஸ்ப்ளோரரில் (சர்வீஸ்நவ்விலேயே இருக்கும் ஏபிஐ சோதனைத் திரை) நானே சர்வீஸ்நவ்வின் டேபிள் ஏபிஐக்கு ஒரு பேட்ச் (பதிவை மாற்றும் அழைப்பு) அனுப்பினேன். அப்போது டாஸ்க் வந்துவிட்டது! இந்த இடத்தில்தான் எனக்குத் தலை சுற்றுகிறது. நானும் ஏபிஐ, அவர்களும் ஏபிஐ. எனக்கு மட்டும் ஏன் ஓடுகிறது?

நிலாமுற்றம் எழுதியது:

இரண்டு இடம் பாருங்கள். முதலில், ரூலின் கண்டிஷனிலோ ஸ்கிரிப்டிலோ 'இஸ் இன்டராக்டிவ்' என்று ஒரு சோதனை இருக்கிறதா? திரை வழியாக உள்ளே வந்த செஷனுக்கு அது ட்ரூ, ஏபிஐ கணக்கில் வந்தால் ஃபால்ஸ். எக்ஸ்ப்ளோரரில் நீங்கள் திரை வழியாக உள்ளே இருந்துகொண்டே அனுப்புகிறீர்கள், அதனால் உங்களுக்கு ஓடியிருக்கலாம்.

அடுத்தது, அந்த நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கும் இன்டகிரேஷன் கணக்குக்கு என்ன ரோல் இருக்கிறது? எக்ஸ்ப்ளோரரில் உங்கள் அட்மின் உரிமையோடு சோதித்தால் பாதி உண்மைதான் தெரியும். போஸ்ட்மேனில் (ஏபிஐ சோதிக்கும் கருவி) அந்தக் கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு அனுப்பிப் பாருங்கள்.

கரிசல்மண் எழுதியது:

நிலாமுற்றம் சொன்ன முதல் காரணம் நடக்கக்கூடியது, பாருங்கள். ரோல் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். பிசினஸ் ரூலுக்குள் கிளைட் ரெக்கார்ட் (பதிவுகளைக் கையாளும் ஸ்கிரிப்ட் கருவி) வைத்து டாஸ்க் உண்டாக்கினால் அது ஏசிஎல் (யாருக்கு என்ன உரிமை என்ற விதி) பார்ப்பதில்லை. கிளைட் ரெக்கார்ட் செக்யூர் போட்டிருந்தால்தான் பார்க்கும். அதோடு ஸ்டேட் மாறத்தான் செய்கிறது, அந்த ஃபீல்டுக்கு உரிமை இருக்கிறது.

ரூலைத் திறப்பதற்கு முன்னால் டிக்கெட்டைத் திறங்கள். ஏபிஐ வழியாக முடிந்த ஒரு டிக்கெட்டில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, 'ரிசால்வ்டு பை', 'ரிசால்வ்டு' என்று இரண்டு ஃபீல்டு இருக்கும், யார் முடித்தார், எப்போது முடித்தார் என்று. இவற்றை நிரப்புவதும் ஒரு பிசினஸ் ரூல்தான், சர்வீஸ்நவ்வோடு சேர்ந்தே வருவது. அவை நிரம்பியிருந்தால் உங்கள் ரூல் மட்டும் ஓடவில்லை என்று அர்த்தம், அப்போது உங்கள் ரூலைக் குடையலாம். காலியாக இருந்தால் எந்த ரூலுமே ஓடவில்லை. அப்போது உங்கள் ரூலை எத்தனை நாள் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது.

இன்னொன்று, கீழே ஆக்டிவிட்டியில் ஸ்டேட் மாறியதற்கு ஒரு வரி இருக்கிறதா?

அப்புறம், அந்த நிறுவனம் அழைக்கும் முகவரியைப் பாருங்கள். அதில் 'நவ்', 'டேபிள்' என்று வந்தால் அது டேபிள் ஏபிஐ. இல்லாமல் உங்கள் இன்ஸ்டன்ஸின் எண்ணோ வேறு பெயரோ வந்தால், உங்கள் இடத்தில் யாரோ எழுதி வைத்த ஸ்கிரிப்டட் ரெஸ்ட் ஏபிஐ. எனக்கு இதன் மேல்தான் சந்தேகம்.

டீபக் திரையில் எதுவும் வராததைப் பெரிதாக எடுக்க வேண்டாம். அந்த டீபக் உங்கள் செஷனில் ஓடுவதை மட்டும்தான் காட்டும், இன்னொரு கணக்கில் வரும் அழைப்பைக் காட்டாது. ரூலின் முதல் வரியில் ஒரு ஜிஎஸ் இன்ஃபோ (லாகில் எழுதும் கட்டளை) போட்டு லாகில் தேடுவதுதான் வழி.

தாமிரபரணி_கரை எழுதியது:

அண்ணா, பார்த்துவிட்டேன். இன்டராக்டிவ் சோதனை எங்கும் இல்லை. ஏபிஐ வழியாக முடிந்த டிக்கெட் பத்தைத் திறந்தேன். பத்திலும் ரிசால்வ்டு பை காலி, தேதியும் காலி. ஆக்டிவிட்டியில் சிஸ்டர் பழுதைப் பற்றி எழுதிய வரி இருக்கிறது, நான் வேலையை ஒதுக்கிய வரி இருக்கிறது, அதோடு நின்றுவிடுகிறது. ஸ்டேட் 2இலிருந்து (இன் ப்ராக்ரஸ்) 6க்குப் போனதற்குச் சுவடே இல்லை. இத்தனை நாளாக இந்தத் திரையைத் தினமும் பார்க்கிறேன், அந்த இடம் வெறுமையாக இருப்பது கண்ணில் படவே இல்லை.

முகவரியும் நீங்கள் சொன்னதுதான், ஸ்கிரிப்டட் ரெஸ்ட். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது, அறுபது வரி இருக்கும். டிக்கெட் எண்ணை வைத்துப் பதிவைத் தேடுகிறது, ஸ்டேட்டை 6 ஆக்குகிறது, அப்டேட் செய்வதற்கு நேர் மேலே ஒரு வரி: 'செட் வொர்க்ஃப்ளோ ஃபால்ஸ்'. அதற்கு மேலே 'மெயில் போகாமல் இருக்க' என்று கமென்ட்.

இதை அப்படியே எடுத்துவிடலாமா? இன்று இரவே எடுத்துவிடத் தோன்றுகிறது.

கரிசல்மண் எழுதியது:

அந்த வரிதான். அது மெயிலை மட்டும் நிறுத்துவதில்லை. அந்த ஒரு அப்டேட்டுக்கு பிசினஸ் ரூல் அத்தனையும் நிற்கும், ஆடிட்டும் (எது எப்போது மாறியது என்ற பதிவு) நிற்கும். ஆக்டிவிட்டியில் வரி இல்லாததற்கு ஆடிட் நின்றதுதான் காரணம். எஸ்எல்ஏ கடிகாரமும் (வேலையை முடிக்க வேண்டிய கெடுவைக் கணக்கிடுவது) நிற்காமல் ஓடிக்கொண்டிருந்திருக்கும், பாருங்கள்.

இன்று இரவு ப்ரொடக்‌ஷனில் எடுக்காதீர்கள். உங்கள் அவசரம் புரிகிறது, ஆனால் இத்தனை நாள் தூங்கிய ரூல் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும். அதுவரைக்கும் ஒரு ரிப்போர்ட் வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்டேட் 6 அல்லது 7 (க்ளோஸ்டு), ரிசால்வ்டு பை காலி. காலையும் மாலையும் பார்த்து டாஸ்க்கைக் கையால் போடுங்கள். ஒரு பம்பும் தப்பாது.

டெஸ்ட் இன்ஸ்டன்ஸில் வரியை எடுத்த பிறகு கவனிக்க வேண்டியது: ஏதாவது ஒரு பிஃபோர் ரூலில் (பதிவு சேமிக்கப்படும் முன் ஓடுவது) 'செட் அபார்ட் ஆக்‌ஷன்' இருந்தால் அது அப்டேட்டையே தடுத்துவிடும். டேபிள் ஏபிஐ என்றால் 403 (அனுமதி இல்லை) கொடுத்து, எந்த ரூல் தடுத்தது என்று பெயரோடு சொல்லிவிடும். உங்கள் ஸ்கிரிப்டட் ஏபிஐ சொல்லாது. தடுக்கப்பட்டால் அப்டேட் நல் (வெற்று மதிப்பு) திருப்பும், ஸ்கிரிப்ட் அதைப் பார்க்காமல் விட்டால் வெளியே 200தான் போகும். அவர்கள் முடிந்தது என்று நினைப்பார்கள், உங்களிடம் டிக்கெட் திறந்தே கிடக்கும். ஆகவே அப்டேட் திருப்புவதை ஒரு மாறியில் வாங்குங்கள், நல் என்றால் கெட் லாஸ்ட் எரர் மெசேஜில் வருவதோடு 422 (ஏற்க முடியவில்லை என்ற பிழை எண்) அனுப்புங்கள்.

மெயிலை நிறுத்த வேண்டும் என்றால் அதற்கு உரிய இடம் நோட்டிஃபிகேஷன். அதன் கண்டிஷனில் 'அப்டேட்டட் பை இந்தக் கணக்கு இல்லை' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

பழைய டிக்கெட்டுகளை 2க்குத் திருப்பி மறுபடி 6 ஆக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். முடித்த தேதி இன்றைய தேதியாகிவிடும், சிஸ்டர்களுக்கு மெயில் கொட்டும். டிக்கெட்டைத் தொடாமல், டாஸ்க்கை மட்டும் உண்டாக்கும் ஒரு ஃபிக்ஸ் ஸ்கிரிப்ட் (நாமே ஓட்டிப் பழைய பதிவுகளைச் சரிசெய்வது) எழுதுங்கள். முதலில் இன்சர்ட் வரியை மூடிவைத்து, எண்ணிக்கையை மட்டும் அச்சிட்டுப் பாருங்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

ஒன்று சேர்க்கிறேன். உங்கள் ரூலின் ஸ்கிரிப்டில் 'கெட் யூசர் ஐடி' இருந்தால் பாருங்கள். திரையில் அது முடித்தவரின் ஐடி, அதை வைத்துத் தேடினால் அவருடைய பிரிவு சரியாக வரும். ஏபிஐயில் அது இன்டகிரேஷன் கணக்கு, அதற்குப் பிரிவு எதுவும் இருக்காது. ரூல் ஓடியும் டாஸ்க் யாருக்கும் ஒதுக்கப்படாமல் நிற்கும். எங்கள் இடத்தில் இரண்டு வாரம் அப்படி நின்றது.

தாமிரபரணி_கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. நடந்ததை முழுதாக எழுதிவைக்கிறேன், நாளை இன்னொருவர் தேடி வரலாம்.

டெஸ்டில் வரியை எடுத்து அனுப்பினேன். 200 வந்தது, ஸ்டேட் 2இலேயே நின்றது. அண்ணா சொன்னது அப்படியே நடந்தது. தடுத்தது நானே மூன்று வருடத்துக்கு முன்னால் எழுதிய பிஃபோர் ரூல், முடிவுக் குறிப்பு காலியாக இருந்தால் ரிசால்வ் செய்ய விடாதது. அந்த நிறுவனம் பழுது விவரத்தை அனுப்பத்தான் செய்கிறது, எங்கள் ஸ்கிரிப்ட் அதை வொர்க் நோட்ஸில் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. அதையே முடிவுக் குறிப்பிலும் போடும்படி மாற்றினேன். அப்டேட் நல் என்றால் 422 அனுப்புகிறது. அவர்கள் திரையில் அது சிவப்பில் தெரிகிறதா என்று கேட்டு, அவர்கள் ஆளையே ஒரு முறை சோதிக்க வைத்து, படம் அனுப்பச் சொல்லி உறுதி செய்துகொண்டேன்.

நிலாமுற்றம் சொன்னதும் இருந்தது. ரூலில் டாஸ்க்கை ஒதுக்கும் பிரிவை, முடித்தவரின் பிரிவிலிருந்து எடுத்திருந்தேன். இனி கருவியின் பதிவில் இருக்கும் பராமரிப்புப் பிரிவிலிருந்து எடுக்கிறது. இதை நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் டாஸ்க் உருவாகி, யாருடைய பட்டியலிலும் தெரியாமல் கிடந்திருக்கும், நானும் சரியாகிவிட்டது என்று விட்டிருப்பேன்.

சனிக்கிழமை ப்ரொடக்‌ஷனுக்குப் போனது. அன்று மதியம் ஏபிஐ வழியாக வந்த முதல் டிக்கெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆக்டிவிட்டியில் 'ஸ்டேட்: ரிசால்வ்டு, முன்பு இன் ப்ராக்ரஸ்' என்று அந்த ஒரு வரி வந்தது. அடுத்த நிமிடம் பயோமெடிக்கல் பட்டியலில் டாஸ்க்கும் வந்தது.

பழையவற்றை ரிசால்வ்டு பை காலியாக இருப்பதை வைத்துத் தேடினால் 52 வந்தது. நான் முதலில் எண்ணிய 37இல் சிரிஞ்ச் பம்பும் மானிட்டரும் சேரவில்லை. பயோமெடிக்கல் பிள்ளைகள் இரண்டு பேர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் வார்டு வார்டாகப் போய் 52ஐயும் அளந்தார்கள். மூன்று சிரிஞ்ச் பம்பில் அளவு விலகியிருந்தது, அவை இப்போது வொர்க்‌ஷாப்பில். அந்த மூன்றும் எந்தெந்த நோயாளிக்குப் போடப்பட்டன என்ற விவரத்தை மருத்துவக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன், அவர்கள் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள்.

குழந்தைகள் வார்டு பம்ப் சரியாகத்தான் இருந்தது. புது ஸ்டிக்கர் ஒட்டியதும் அந்த சிஸ்டருக்குப் போன் செய்து சொன்னேன்.