பிரேக் மிதித்தால் லாரி ஒரு பக்கம் வாங்குகிறது: உங்கள் வண்டியில் கோளாறு எங்கே இருந்தது?

லாரி ஓணர், கடலூர் முதுநகர்

எங்களுடையது பத்துச் சக்கர வண்டி, ஏர் பிரேக். பெரும்பாலும் சிப்காட் லோடுதான். சும்மா ஓடும்போது நேராகவே போகும். பிரேக்கில் கால் வைத்ததும் ஸ்டியரிங் இடது பக்கம் பிடுங்கும். ஆல்பேட்டை அருகே ஒருமுறை பிடுங்கியதில் டிரைவர் மிரண்டுபோய், இதைச் சரி செய்யாமல் வண்டியில் ஏறமாட்டேன் என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

முதலில் காட்டிய ஒர்க் ஷாப்பில், "இடது பக்கம்தானே இழுக்குது, அப்ப இடது பிரேக் அதிகமா பிடிக்குது" என்று இடது முன்சக்கரத்து ஸ்லாக்கை (பிரேக்கை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் கை) தளர்த்திவிட்டார்கள். இழுவை நின்றது உண்மை. கூடவே பிரேக்கும் பாதி போய்விட்டது. லோடோடு வந்தால் வண்டி நிற்க முன்னைவிட நிறைய தூரம் எடுத்துக்கொண்டது.

அப்புறம் புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி டெர்மினல் பக்கம் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேட்டவர், நேரே எதிர்ப்பக்கம் போய் வண்டிக்கு அடியில் படுத்தார். ஏர் நிரம்பியதும் இஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேம்பரிலிருந்து (காற்றழுத்தத்தில் பிரேக்கை இயக்கும் டப்பா) வரும் புஷ் ராடில் (தள்ளுகம்பியில்) சாக்பீஸால் கோடு போட்டார். கிளீனர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, கோடு எவ்வளவு நகர்கிறது என்று இரண்டு பக்கமும் அளந்தார். வலது ராடு இடதில் பாதி தூரம்கூட வரவில்லை. காலை எடுத்த பிறகும் மெதுவாகத்தான் திரும்பிப் போனது. கழற்றிப் பார்த்தால், பிரேக்கை விரித்து டிரம்மில் அழுத்தும் கேம் ஷாஃப்ட், துருவும் காய்ந்த கிரீஸுமாக, அது சுழலும் புஷ்ஷுக்குள் இறுகிக் கிடந்தது. புஷ் மாற்றி, இடது ஸ்லாக்கையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகு வண்டி நேராக நிற்கிறது.

மற்றவர்களுக்கு என்ன நடந்தது, சொல்லுங்கள்.

மெக்கானிக், வில்லியனூர்

அந்தப் பெரியவர் செய்ததுதான் சரியான முறை. வண்டி நன்றாகப் பிடிக்கிற சக்கரத்தின் பக்கம் திரும்பும். பிச்சாவரத்தில் ஓடுகிற படகில் ஒரு பக்கத் துடுப்பை மட்டும் தண்ணீரில் அழுத்திப் பிடித்தால் படகு அந்தப் பக்கமே திரும்பும் அல்லவா, அதே கணக்கு. இடது பக்கம் இழுத்தால், பெரும்பாலும் வலது பக்கம் வேலை செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நன்றாக இருக்கிற பக்கத்தைத் தளர்த்திச் சமன் செய்வது வைத்தியமே இல்லை.

புஷ் ராடு அளவைப் பற்றி ஒன்று. குறைவாக நகர்ந்தால் கேம் இறுகியிருக்கலாம், காற்று சரியாக வராமலும் இருக்கலாம். அதிகமாக நகர்ந்தால் ஸ்லாக் தளர்ந்திருக்கும், அல்லது லைனரோ (டிரம்மில் உரசிப் பிடிக்கும் தகடு), சக்கரத்தோடு சுற்றும் டிரம்மோ தேய்ந்திருக்கும். இரண்டிலும் பிடிமானம் குறையும். சாதாரண 24-ஆம் நம்பர் சேம்பரில் 1¾ அங்குலம், 30-இல் 2 அங்குலம். இதைத் தாண்ட விடக்கூடாது. லாங் ஸ்ட்ரோக் சேம்பருக்குக் கணக்கு வேறு.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் நான் டிரைவரிடம்தான் நிறையக் கேட்பேன். பிரேக் போடாமலும் இழுக்கிறதா? கால் வைத்த நொடியில் வெட்டிவிட்டு அப்புறம் நேராகிறதா, அல்லது போகப்போக அதிகமாகிறதா? காலி வண்டியிலா, லோடிலா? முதல் நொடியில் மட்டும் வெட்டினால் ஒரு பக்கத்துக்குக் காற்று தாமதமாகப் போகிறது. ஹோஸ் மடங்கியிருக்கும், அல்லது வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ரப்பர் உரிந்து அடைத்திருக்கும். ஓடி ஓடிச் சூடேறிய பிறகு இழுத்தால் லைனரையும் டிரம்மையும் பார்க்க வேண்டும். பிரேக் போடாதபோதும் இழுத்து, அந்தப் பக்கத்து டிரம் மட்டும் கொதித்தால், பிரேக் விடவில்லை என்று அர்த்தம். அப்போது மட்டும் கோளாறு இழுக்கிற பக்கத்திலேயே இருக்கும்.

டிரம் சூட்டைப் பார்க்க என்னிடம் இப்போது டெம்பரேச்சர் கன் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு பாட்டில் தண்ணீர்தான். கொஞ்ச தூரம் ஓட்டி, நாலைந்து தடவை பிரேக் போட்டு நிறுத்தி, ஒவ்வொரு டிரம்மிலும் சொட்டு விடுவேன். மூன்று சக்கரத்தில் சுர்ரென்று ஆவியாகி ஒன்றில் சும்மா வழிந்தால், அந்த ஒன்று வேலை செய்யவில்லை. கையால் தொட்டுப் பார்க்காதீர்கள்.

சோதனையைச் சமதளமான தரையில் செய்யுங்கள். நம் ரோடுகள் மழைத்தண்ணீர் வடிய ஓரத்துக்குச் சரிந்திருப்பதால், லேசான இடது சாய்வு எல்லா வண்டியிலும் இருக்கும். அதற்கு முன்னால் இரண்டு முன் டயரிலும் காற்றையும் பார்த்துவிடுங்கள். அதைப் பார்க்காமலே டிரம்மைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மீன் வண்டி டிரைவர், கடலூர் துறைமுகம்

முதுநகர் அண்ணனுக்கு நடந்தது எங்களுக்கு வழக்கம். ஐஸ் உருகி உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், அதோடு கடல் காற்று. கேம் ஷாஃப்ட்டும் ஸ்லாக்கும் மற்ற வண்டிகளைவிடச் சீக்கிரம் இறுகிவிடும். வாரம் தவறாமல் கிரீஸ் அடிக்கிறோம், பழைய கிரீஸ் வெளியே வரும்வரை. ஓணர் கிரீஸுக்குக் காசு கொடுக்க முனகுவார், அது வேறு கதை.

ஒரு சந்தேகம்: மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் வலது பக்கம் இழுக்கிறது, அப்புறம் தானாகச் சரியாகிவிடுகிறது. பயப்பட வேண்டுமா?

மெக்கானிக், வில்லியனூர்

வேண்டாம் தம்பி. டிரம்மில் ஈரமும் மெல்லிய துருவும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்காது. தேய்ந்து காய்ந்ததும் சரியாகிவிடும். நாள் முழுக்க இழுத்தால்தான் கவலை.

கரும்பு லாரி ஓட்டுபவர், நெல்லிக்குப்பம்

என் வண்டியின் கதை மேலே சொன்ன எதிலும் அடங்காது. லோடு ஏற்றினால் மட்டும் பிரேக்கில் இடது பக்கம் இழுத்தது. காலியாகப் போனால் ஒன்றும் தெரியாது. லைனர் மாற்றியாயிற்று, டிரம் கடைந்தாயிற்று, சேம்பர் டயாபிரம் புதுசு. செலவுதான் மிச்சம்.

கடைசியில் பண்ருட்டியில் ஒரு பட்டை (லீஃப் ஸ்பிரிங்) கட்டும் பட்டறைக்காரர் இரண்டு பக்கமும் முன் ஹப்பிலிருந்து (சக்கரத்தின் நடுப்பகுதி) பின் ஹப் வரை டேப் பிடித்து அளந்தார். இடது பக்கம் கண்ணுக்கே தெரிகிற அளவு குறைவு. இடது முன் பட்டைக் கட்டில் சென்டர் போல்ட் ஒடிந்து, யூ போல்ட்டும் தளர்ந்திருந்தது. லோடோடு பிரேக் போடும்போதெல்லாம் ஆக்சிலின் அந்த முனை பின்னால் நகர்ந்து, சக்கரமே இடது பக்கம் திரும்பிவிடுகிறது. யூ போல்ட் உட்காரும் இடத்தில் இரும்பு உரசிப் பளபளவென்று இருந்ததை முதலிலேயே யாராவது குனிந்து பார்த்திருக்கலாம். போல்ட் மாற்றி, வண்டியை இறக்கி வைத்து, யூ போல்ட்டை டைட் செய்ததோடு சரியாகிவிட்டது. கொஞ்சம் ஓடியபின் இன்னொரு முறை டைட் வைக்கச் சொன்னார்.

லாரி ஓணர், சேதராப்பட்டு

ஹப் சீல் (கிரீஸ் வெளியே கசியாமல் தடுக்கும் வளையம்) பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் வண்டியில் வலது முன் ஹப்பில் கிரீஸை அளவுக்கு மீறி அடைத்து, சீல் கிழிந்து, லைனர் முழுக்க ஊறிப்போனது. வண்டி இடது பக்கம் இழுத்தது. பட்டறையில் பெட்ரோல் ஊற்றிக் கழுவி, தீ வைத்துக் காய்ச்சி மறுபடி மாட்டினார்கள். சூடேறியதும் ஊறிய கிரீஸ் திரும்ப மேலே வந்தது, இழுவையும் வந்தது. ஊறிய லைனரைத் தூக்கித்தான் போட வேண்டும். சீலை மாற்றாமல் புது லைனர் போட்டாலும் வீண். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும், ஆளுக்கொரு கம்பெனி லைனர் போடுவதும் அதே வம்பைத் திரும்பக் கொண்டுவரும். ஒரே ஆக்சிலில் இரண்டு பக்கமும் ஒரே சரக்கு.

மெக்கானிக், வில்லியனூர்

சேதராப்பட்டு அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் பின் ஆக்சிலின் ஸ்பிரிங் பிரேக் சேம்பரைப் பிரிக்கப் போகாதீர்கள். காற்று இல்லாவிட்டாலும் உள்ளே அழுத்தி வைத்த ஸ்பிரிங் இருக்கிறது. கிளாம்ப்பைக் கழற்றினால் உயிர் போகும். ஆட்டோ ஸ்லாக் உள்ள புது வண்டிகளில் அளவு தாண்டினால் சும்மா சும்மா கையால் டைட் வைக்கவும் வேண்டாம். அது தானாகச் சரி செய்துகொள்ள வேண்டிய சாமான். செய்யவில்லை என்றால் அதிலோ, கேம் புஷ்ஷிலோ கோளாறு.

காய்கறி பிக்கப் ஓட்டுபவர், பாகூர்

பெரிய வண்டிக்காரர்களுக்கு நடுவில் என் சின்ன வண்டிக் கதையும். ஆயில் பிரேக், முன்னால் டிஸ்க். பிரேக் போட்டால் இடது பக்கம் இழுக்கும். காலை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே போகும், இடது வீல் கொதிக்கும். எல்லோரும் காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) ஜாம், மாற்று என்றார்கள். கன்னியக்கோயில் பக்கம் ஒரு பையன் வண்டியை ஜாக்கில் தூக்கி, பிரேக்கை மிதித்து விடச் சொன்னான். சக்கரம் சுற்றவில்லை. காலிப்பரின் பிளீடர் நிப்பிளை (ஆயிலை வெளியே விடும் திருகு) லேசாகத் திறந்தான். ஆயில் பீறிட்டு வந்ததும் சக்கரம் விட்டுவிட்டது. "காலிப்பர் ஜாமா இருந்தா நிப்பிளைத் திறந்தாலும் விடாதுண்ணே. ஹோஸ் உள்ள ஊதிப்போய் ஆயில் திரும்பி வரல" என்றான். புது ஹோஸ் போட்டு ஏர் எடுத்ததும் சரியாகிவிட்டது. வலது ஹோஸும் அதே வயது என்பதால் அதையும் சேர்த்தே மாற்றச் சொல்லிவிட்டேன்.