வாசிச்சுக் காட்டின கதை சொல்லுங்கோ

வடலி:

சத்தமில்லாமல் வாசிக்கிற பழக்கம் எனக்கு வளர்ந்த பிறகுதான் வந்தது. அதுவரை வாசிப்பு என்றால் அப்பம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது. உங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்திருப்பார், சொல்லுங்கோ. முதலில் என்னுடையது.

1991ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது, யாழ்ப்பாணத்தில் உரும்பிராயில் இருந்தோம். சண்டையால் கரண்ட் நின்று ஒரு வருடமாகியிருந்தது. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை நனைத்துத் திரி வைத்த விளக்கொன்றுதான் வீட்டுக்கே வெளிச்சம். அதில் முதல் உரிமை ஓ.எல். பரீட்சைக்குப் படித்த அக்காவுக்கு. அவள் கொப்பியை மூடிய பிறகு அரை மணித்தியாலம் அப்பம்மாவுக்கும் எனக்கும். அந்த அரை மணித்தியாலத்துக்காக அம்மா எண்ணெய்க் கணக்குப் பார்த்து முணுமுணுப்பா. அப்பம்மாவின் காதில் அது விழுந்ததேயில்லை. மற்றதெல்லாம் நன்றாக விழும்.

அவ மூன்றாம் வகுப்போடு நின்றவ. கண்ணும் புகைந்துவிட்டது. ஆனால் கந்தபுராணம் முழுக்கக் காதில் இருந்தது. எங்கள் கோயில்களில் புராணபடனம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதினமில்லை. ஒருவர் பாட்டை ராகம் இழுத்து வாசிப்பார், மற்றவர் சொல்லைப் பிரித்துப் பயன், அதாவது பொருள், சொல்வார். மடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு பெண்டுகள் கேட்பார்கள். வருடா வருடம் அதே கதை, ஆனால் சூரன் சாகிற அன்று முதல்முறை கேட்கிறவர்கள் மாதிரி 'அரோகரா' போடுவார்கள். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தாரின் வாழ்வையே 'கந்தபுராண கலாசாரம்' என்றார். இப்போது அதை மறுத்துப் பேசுகிறவர்கள் உண்டு, நியாயமும் உண்டு. எங்கள் வீட்டு அரை மணித்தியாலத்தைப் பொறுத்தவரை பண்டிதமணி சொன்னதுதான் சரி.

வீட்டிலிருந்தது அப்பப்பாவின் பழைய உரைப்புத்தகம். பிறவுண் பேப்பர் உறை, வசம்பு மணம். அந்தக்கால அச்சு, சொல்லைப் பிரிக்காமல் ஒட்டி ஒட்டி அடித்திருக்கும். 'மீனுருக்கொண்டு' என்று ஒரு இடம். நான் 'மீ... னுருக்... கொண்டு' என்று இழுத்தேன்.

"என்ன மோனை மீனு? மீன் உரு. மீன். சந்தையிலை கொம்மா வாங்கிற மீன்."

"சைவப் புத்தகத்திலை மீன் வருமோ அப்பம்மா?"

"கடலிலை வராமல்? வாசி, வாசி."

அது சூரபன்மனின் மகன் இரணியனின் கதை. மூத்த மகன் பானுகோபனைத் தெரிந்த அளவுக்கு இவனைப் பலருக்குத் தெரியாது. முருகனோடு போர் வேண்டாம் என்று தகப்பனுக்குப் புத்தி சொல்லிப் பார்க்கிறான், தகப்பன் கேட்கவில்லை. போருக்கும் போகிறான், நிற்க முடியவில்லை. எல்லாரும் அழிந்துபோனால் தகப்பனுக்குக் கடைசிக் கடன் செய்ய ஆளிருக்காது என்று மீனாகிக் கடலுக்குள் ஒளிக்கிறான்.

"கோழை" என்றேன். 1991இல் பதினொரு வயதுப் பையன் வேறென்ன சொல்வான்?

அப்பம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கொள்ளி வைக்க ஒருத்தன் மிஞ்ச வேணுமே ராசா" என்றா. சித்தப்பா 1986இல் வல்வெட்டித்துறையால் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய், அங்கிருந்து ஜெர்மனிக்குப் போனவர். கடிதம் எப்போதாவது வரும். கோயிலில் பயன் சொன்ன எந்தப் பண்டிதரும் இரணியனுக்கு இந்தப் பயனைச் சொல்லியிருக்க மாட்டார்.

வாசிக்கிறது நான், கேட்கிறது அப்பம்மா என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவவுக்குத் தெரியாத வரி அந்தப் புத்தகத்தில் இல்லை. பயன் சொல்ல வேண்டுமென்றால் முன்னால் ஒருவர் வாசிக்க வேண்டும், அதுக்குத்தான் நான்.

குப்பைமேனி:

எங்கடை ஊர் வாசிகசாலை ஞாபகம் வருது. சனசமூக நிலையம் எண்டு போர்ட் இருக்கும், ஆனா ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்லை. காலமை பேப்பர் வந்தவுடனை தாள்தாளாக் கழண்டிடும். நடுத்தாள் ஒருத்தரிட்டை, முன்தாள் இன்னொருத்தரிட்டை. கடைசித் தாள் எப்பவும் ஒரு ரிட்டயர்ட் வாத்தியாரிட்டை. அவர் மரண அறிவித்தல் முழுக்க முடிக்காமல் தரமாட்டார். செய்தியின்ரை தொடர்ச்சி அவற்றை தாளிலை இருக்கும், நாங்கள் பாதிச் செய்தியோடை அந்தரிச்சுக்கொண்டு நிப்பம்.

பொருளாதாரத் தடை நேரம் பேப்பருக்குத் தாள் இல்லாமல், பள்ளிக்கூடக் கொப்பியின்ரை கோடு போட்ட தாளிலை 'உதயன்' அடிச்சு வந்தது. எழுத்துக்குக் குறுக்கை நீலக் கோடு ஓடும். வயசுபோன ஆக்களுக்கு அது பிடிபடாது. அப்ப தோட்டத்தாலை வாற ஐயாமாருக்கு நான்தான் வாசிக்கிறது. மண்வெட்டியைச் சுவரிலை சாத்திப்போட்டு குந்திக்கொண்டு கேப்பினம். நான் ஒரு கெட்ட வேலை செய்தனான். செத்த ஆக்களின்ரை தொகையை ஒரு நாள் குறைச்சு வாசிச்சன். ஏனெண்டு இப்பவும் தெரியேல்லை. ஒரு ஐயா எழும்பிப் போகேக்க, "தம்பி, நாளைக்குச் சரியா வாசி" எண்டார். அவருக்கு எப்பிடித் தெரிஞ்சுதோ!

கச்சான்சரை:

என்னுடையது சின்னக் கதை. 1996இல், இடம்பெயர்ந்து போயிருந்த தென்மராட்சியால் திரும்பி வந்த பிறகு, விட்டுட்டுப் போன வீட்டுப் புத்தகங்கள் எல்லாம் கடைகளில் சரை சுற்றுகிற தாளாகக் கிடந்தன. வீட்டில் மிஞ்சினதைக் கறையான் பார்த்துக்கொண்டது. கோயில் வாசலில் வாங்கின கச்சான் சரையைப் பிரித்தால் ஒரு கதையின் நடுப்பக்கம். ஒருத்தி கடிதத்தைக் கிழிக்கவா விடவா என்று நிற்கிறாள், பக்கம் முடிந்துவிட்டது. அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு நேரே கச்சான் ஆச்சியிடம் ஓடினேன்.

"ஆச்சி, நேற்றையான் புத்தகத்தின்ரை மிச்சத் தாள் இருக்கோ?"

"அது நேற்றே முடிஞ்சுது அப்பு. இண்டைக்குக் கணக்குப் புத்தகம். வேணுமே?"

வாங்கினேன். பின்னப் பெருக்கல். இரவு என் தங்கச்சிக்கு அந்தக் கதையைச் சொல்லும்போது கடிதத்தைக் கிழிக்க வைத்தேன். அவள் அழுதாள். மறுநாள் கிழிக்காமல் விட்டேன், அதற்கும் அழுதாள். ஈழத்துப் புத்தகங்களைச் சேர்த்துவைக்கிற 'நூலகம்' இணையத்தளம் 2005இல் தொடங்கினதிலிருந்து அதில் பழைய சஞ்சிகைகளைத் திறந்து தேடுகிறேன். இன்னும் அந்தக் கடிதக்காரி கிடைக்கவில்லை.

பழைய மாணவன்:

நான் உங்கள் எல்லாரையும் விட மூத்தவன். யாருக்கும் வாசித்துக் காட்டிய கதை என்னிடம் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

1981இல் உயர்தரம் படித்தேன். மே மாதக் கடைசியில் யாழ். பொது நூலகத்தில் ஒரு புத்தகம் இரவல் எடுத்தேன். தாவரவியல், ஆங்கிலப் புத்தகம், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பின் அட்டையில் ஒட்டிய துண்டில் ஜூன் திகதி குத்தித் தந்தார்கள். மே 31 இரவு நூலகத்துக்கு நெருப்பு வைத்தார்கள். ஏறக்குறைய 97,000 நூல்கள் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். ஓலைச்சுவடிகளும் போயின. நான் சைக்கிளில் போய் சுப்பிரமணியம் பூங்காப் பக்கமாக நின்று பார்த்தேன். மேலே புகை, தாள் கருகிக் காற்றில் வந்து சட்டையில் ஒட்டியது. தட்டிவிட்டால் கறுப்பாக இழுபட்டது.

திகதி தவறினால் தண்டம் கட்ட வேண்டும் என்ற பயம் எனக்கு உண்டு. அந்த ஜூன் திகதி வந்தது. கொண்டுபோய்க் கொடுக்க இடமில்லை. பதினான்கு வருடம் அந்தப் புத்தகத்தை வைத்திருந்தேன். திறந்து வாசித்தது குறைவு, துண்டைத்தான் பார்ப்பேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டையால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் சனத்தோடு சனமாக நடந்தபோது ஒரு கையில் பிள்ளை, மறு கையில் அரிசிப் பை. புத்தகம் அலுமாரியில். திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை.

நூலகம் திருத்தித் திறந்த பிறகு போய் அங்கத்துவம் எடுத்தேன். பழைய இரவல் ஏதும் இருக்கிறதா என்று அங்கிருந்த பிள்ளை வழமையான கேள்வியாகக் கேட்டா. இல்லை என்று சொல்லிவிட்டேன்.

குப்பைமேனி:

ஐயா, அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கலாம். சரி, விடுங்கோ.

வடலி, அப்பம்மாவின்ரை புத்தகம் என்னாச்சு?

வடலி:

இருக்கிறது. 95இல் நாங்களும் அந்தப் பாலத்தால்தான் போனோம். அப்பம்மா அதைத் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி, "அரிசிக்கு மேலை வை, நனைஞ்சால் அரிசியை அவிக்கலாம், இதை என்ன செய்யிறது" என்றா. ஐயாவின் பதிவைப் பார்த்த பிறகு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் கைப்பிள்ளை யாரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பா 1999இல் மாரடைப்பில் போய்விட்டார். 2001இல் அப்பம்மா. பாதை மூடிக்கிடந்தது, சித்தப்பாவால் வர முடியவில்லை. ரெலிபோனில் அழுதார், லைன் அறுந்து அறுந்து வந்தது. பேரப்பிள்ளைகளோடு பந்தம் பிடிக்க வேண்டிய நான் கொள்ளி வைத்தேன்.

2003இல், யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை திறந்த பிறகு, சித்தப்பா வந்தார். பதினேழு வருடத்துக்குப் பிறகு வருகிற மனுசன் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா என்னத்தை வாசிக்கக் கேக்கிறவ?" என்றார். தலையணை உறையோடு எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது, நல்ல ரியூப்லைற். அப்பம்மா பனையோலைத் துண்டு வைத்திருந்த இடத்திலேயே புத்தகம் திறந்துகொண்டது. எந்த இடம் என்று உங்களுக்குத் தெரியும்.

சித்தப்பாவுக்குத் தமிழ் வாசிப்புத் தடக்கியது. சொல் ஒட்டி அடித்த அந்த அச்சில் அவரும் 'மீனு' என்று இழுத்தார். திருத்தினேன். நாலு பாட்டு வாசித்துவிட்டு விரலை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, "இப்ப பயனைச் சொல்லு" என்றார்.

எனக்குத் தெரிந்தது அப்பம்மா சொன்ன பயன் ஒன்றுதான். வாய் வரவில்லை. "மீனாகிக் கடலுக்குள்ளை போயிட்டான் சித்தப்பா" என்று மட்டும் சொன்னேன்.