மொய்க்கு மொய்: வலைப்பூவுக்கு ஆள் சேர்த்த கதைகள்

நாமக்கல், மாடித்தோட்டம் பற்றி எழுதுபவர்

வணக்கம். எட்டு மாதமாக மாடித்தோட்டம் பற்றி ஒரு வலைப்பூ எழுதி வருகிறேன். ஒரு நாளைக்கு 40 பார்வை வந்தால் அதிகம். போன மாதம் நண்பர் ஒருவர் என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். என்னைப் போல எழுதுகிறவர்கள் 60 பேர். காலை ஒன்பது மணிக்குள் நம் சுட்டியைப் போட வேண்டும். இரவுக்குள் மற்ற 59 பேர் பக்கத்துக்கும் போய்வர வேண்டும், பத்துப் பேருக்காவது கருத்து எழுத வேண்டும். இதுதான் விதி.

முதல் வாரமே 40 என்பது 210 ஆனது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டாவது வாரம் ராசிபலன், பங்குச் சந்தை, மூலத்துக்கு மூலிகை, கவிதை, மறுபடியும் கவிதை என்று திறந்து மூடுவதற்குள் ராத்திரி பதினொரு மணி ஆகிவிட்டது. அந்த மும்முரத்தில் தண்ணீர் ஊற்ற மறந்து ஒரு தட்டு கத்தரி நாற்று கருகிப்போனது. மாடித்தோட்டம் எழுதுகிறவன் இதை எங்கே போய்ச் சொல்வது?

மூன்று நாளாகக் குழுவுக்குள் போகவில்லை. எண்ணிக்கை 38-க்கு வந்துவிட்டது. இப்படி மாற்றி மாற்றிப் போய்வந்தவர்கள், முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் சுட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள், உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், நடந்ததே போதும்.

மதுரை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

தம்பி, குழுதான் புதுசு, சடங்கு பழசு. நான் 2009-ல் எழுத வந்தவன். அன்றைக்கு ஆள் வர வேண்டுமென்றால், பலருடைய வலைப்பூ இடுகைகளை ஒரே இடத்தில் காட்டும் திரட்டிகளை விட்டால் வழி கிடையாது. காசி ஆறுமுகம் 2004-ல் தொடங்கிய தமிழ்மணம்தான் பெரிய வாசல். அப்புறம் தமிழிஷ், அதுவே பின்னால் இன்ட்லி ஆனது. தமிழ்10, உலவு என்று இன்னும் சில. எழுதி முடித்த கையோடு ஒவ்வொன்றிலும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முகப்பில் கொஞ்ச நேரம் நிற்கும், அடுத்தவர் இடுகை வந்து கீழே தள்ளிவிடும்.

தள்ளாமல் இருக்க வாக்கு வேண்டும். தமிழ்மணத்தில் ஏழு வாக்கு விழுந்தால் 'வாசகர் பரிந்துரை' என்ற பட்டியலில் ஏறலாம். அதனால்தான் அந்தக் காலத்துப் பின்னூட்டங்களின் அடியில் 'த.ம. 4', 'த.ம. 6' என்று இருக்கும். இப்போது பார்க்கிற பிள்ளைகள் ஏதோ மருந்துச் சீட்டு என்று நினைக்கக்கூடும். த.ம. என்றால் தமிழ்மணம். நான்காவது வாக்கு என்னுடையது, மறந்துவிடாதே என்று அதற்கு அர்த்தம். முதல் ஆளாக வந்தவர் 'வடை எனக்கே' என்பார், அரை நிமிடம் பிந்தியவர் 'வடை போச்சே' என்பார். இடுகையில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

வங்கிக்காரன் புத்தி போகுமா? நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். யார் எனக்கு எத்தனை பின்னூட்டம் போட்டார், நான் எத்தனை திருப்பினேன், பாக்கி எவ்வளவு என்று எழுதி வைத்தேன். எங்கள் பக்கம் கல்யாண வீட்டு மொய் நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள், அதே பக்திதான். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே நடத்துகிறார்கள். கறிச்சோறு போட்டு மொய் வாங்கி, அந்தப் பணத்தில் கடனை அடைப்பார்கள், தொழில் தொடங்குவார்கள், பிறகு வருஷக்கணக்கில் திருப்பிச் செய்துகொண்டே இருப்பார்கள். அங்கே பணமாவது கைக்கு வருகிறது. எனக்கு வந்ததெல்லாம் 'அருமை ஐயா'.

2012 தொடக்கத்தில், கூகுளின் பிளாக்கரில் எழுதுகிறவர்களுக்குக் கிடைக்கும் பிளாக்ஸ்பாட் முகவரிகள் இந்தியாவில் டாட் காம் என்பதிலிருந்து டாட் இன் என்று மாறிய கூத்தும் நினைவுக்கு வருகிறது. திரட்டியைப் பொறுத்தவரை டாட் இன் வேறு ஆள். இடுகையோடு இருக்கும் வாக்குப்பட்டை குழம்பிவிட்டது. பழையபடி டாட் காமுக்கே திருப்பிவிடும் நிரல் துண்டை ஆளுக்கு ஆள் மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டோம். நான் அதை எங்கேயோ தப்பான இடத்தில் ஒட்டி, பக்கத்தின் வலது பாதியே காணாமல் போனது. பதிவுலகமே வாக்குக்காகத் தவித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் யாரும் எதையும் படித்த மாதிரி எனக்கு நினைவில்லை.

2013-ல் மகள் கல்யாணம். 45 நாள் எந்தப் பக்கமும் போகவில்லை. திரும்பி வந்து ஓர் இடுகை போட்டேன். வழக்கமாக முப்பது பின்னூட்டம் வரும் இடத்தில் இரண்டு. அதில் ஒருவர், "ஐயா, உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டிருந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அவர் நான்கு வருஷத்தில் எனக்குப் போட்டது 11, நான் திருப்பியது 3. கடன்காரன் நான். 2014-ல் மதுரையில் பதிவர் சந்திப்பு நடந்தபோது நேரில் பார்த்தோம். இப்போதும் தீபாவளிக்குப் போன் வரும்.

அப்புறம் ஒன்று. இறந்தவர் கணக்கில் உள்ள பணத்தை எப்படிப் பெறுவது, நியமனதாரர் (நாமினி) பணத்தை வாங்கிக்கொள்ளலாமே தவிர அவரே உரிமையாளர் ஆகிவிடமாட்டார், வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் என்னென்ன கொடுக்க வேண்டும் என்று ஓர் இடுகை எழுதியிருந்தேன். கவுண்டரில் உட்கார்ந்து எத்தனையோ பெண்கள் தாள் போதாமல் திரும்பிப் போவதைப் பார்த்ததால் எழுதியது. அதற்கு த.ம. 1. அதுவும் நான் போட்டது. இன்றைக்கும் என் வலைப்பூவுக்கு யாராவது வருகிறார்கள் என்றால், தேடிக்கொண்டு அந்தப் பக்கத்துக்குத்தான் வருகிறார்கள்.

திருப்பூர், சமையல் குறிப்பு எழுதுபவர்

ஐயா நோட்டு வைத்தார், நான் வேலையை மிஷினிடமே கொடுத்துவிட்டேன். பார்வைகளை மாற்றிக்கொள்வதற்கென்றே தளங்கள் இருக்கின்றன. அடுத்தவர் பக்கத்தை 20 விநாடி திறந்து வைத்தால் நமக்கு ஒரு புள்ளி. புள்ளி சேர்ந்தால் நம் பக்கத்தை வேறு யாராவது 20 விநாடி திறப்பார்கள். தானாகவே ஓடும் வசதியும் உண்டு. கணினியை ஓடவிட்டு நான் மாவாட்டப் போய்விடுவேன். வந்து பார்த்தால் 1,400 பார்வை!

எந்த ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறார் என்று ஓரத்தில் காட்டும் ஃபீட்ஜிட் பட்டையை அப்போது எல்லாரும் வைத்திருந்தோம். அதில் இந்தோனேசியா, பிரேசில், உக்ரைன் என்று வரிசையாக ஓடியது. எங்க ஊர் கொள்ளுப் பருப்புக் கடையலை உக்ரைனில் ஒருவர் சரியாக 20 விநாடி படிக்கிறார். உண்மையைச் சொன்னால் அவரும் கணினியை ஓடவிட்டு அவர் வீட்டு மாவை ஆட்டத்தான் போயிருப்பார். இரண்டு பக்கமும் ஆள் இல்லாத வீட்டில் இரண்டு டிவி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த மாதிரி.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. விளம்பரக் கணக்கு ஒன்று கிடைத்த பிறகும் அந்த ஓட்டத்தை நிறுத்தாமல் விட்டேன். இப்படிப்பட்ட பார்வைகள் கூடாது என்பது விதியிலேயே இருந்திருக்கிறது, நான் படிக்கவில்லை. ஒரு நாள் காலையில் மின்னஞ்சல் வந்தது, கணக்கு மூடப்பட்டது, சேர்ந்திருந்த தொகையும் போனது. வீட்டுக்காரரிடம் இரண்டு வாரம் சொல்லவில்லை.

பின்டரஸ்ட்டும் முயற்சி செய்தேன். படத்துக்கு ஆங்கிலத்தில் தலைப்பு வைத்தால்தான் ஆள் வருகிறது. வந்தவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை.

மட்டக்களப்பு, கூத்து பற்றி எழுதுபவர்

எனக்கும் இந்த மொய்க் குழுக்களில் அனுபவம் உண்டு. வடமோடி, தென்மோடிக் கூத்துகள், உடுப்பு, ஆடுகிற களரி, பழைய படங்கள், இவைதான் என் பக்கத்தில் இருக்கும். வாசிக்க ஆள் குறைவு என்று ஒரு குழுவில் சேர்ந்தேன். மூன்று கிழமை நன்றாகத்தான் போனது.

எங்கள் ஊரில் ஓர் அண்ணாவியார் காலமானார். சின்ன வயதில் எனக்கு ஆட்டம் பழக்கியவர். இரவு முழுக்க இருந்து அவரைப் பற்றி எழுதினேன். விடியப் பார்த்தால் எட்டுப் பின்னூட்டங்கள். முதலாவது, "அருமை! தொடருங்கள்." இரண்டாவது, "சூப்பர் நண்பரே, என் பக்கமும் வாருங்கள்." ஆறாவதாக ஒருவர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார். அவர்களில் கோபிக்க ஆள் இல்லை. நானும் அதே இரவு படுக்கப் போக முன்னம், வாசிக்காமலேயே ஐந்து பேருக்கு "அருமை" போட்டிருந்தேன். அதில் ஒருவருடைய வீட்டிலும் யாராவது செத்திருக்கலாம்.

எட்டையும் அழித்தேன். அந்தக் கட்டுரையை எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் முகநூல் குழுவில் மட்டும் போட்டேன். கனடாவில், சுவிஸில் இருக்கிற ஊர்ச் சனம் இரண்டு நாளாக அங்கேயே கதைத்தார்கள். யார் எந்தக் கூத்தில் எந்த வேடம் கட்டினார்கள் என்று சண்டைகூட வந்தது. தொண்ணூறுகளில் எடுத்த ஒரு படத்தை ஒருவர் அனுப்பினார். அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்கிறார், பக்கத்தில் காற்சட்டையோடு நான். அந்தப் படம் என்னிடம் இருக்கவில்லை.

நாகர்கோவில்

நான் ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் ஆள் சேர்த்தேன். 2014 செப்டம்பர் 30-ல் ஆர்குட்டை மூடினார்கள். நடுவில் கூகுள் பஸ் என்ற இன்னொன்றிலும் ஏறியிருந்தேன், அது அதற்கு முன்பே 2011-ல் நின்றுவிட்டது. கூகுள் பிளஸ்ஸுக்குக் குடிபோனேன், 2019 ஏப்ரலில் அதுவும் போனது. இப்போது நான் ஏதாவது புதுத் தளத்தில் கணக்குத் தொடங்கினால் நண்பர்கள் தங்கள் படங்களைப் பத்திரப்படுத்திக்கொள்கிறார்கள்.

சென்னை, இணைய விளம்பர வேலையில் இருப்பவர்

சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன். நான் இதைச் சம்பளம் வாங்கிக்கொண்டே செய்தவன். 2011-ல் என் முதல் வேலை, ஒரு நாளைக்கு நூறு தளங்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவது. "நீங்கள் எங்களுக்கு ஒரு இணைப்புக் கொடுங்கள், நாங்கள் உங்களுக்குக் கொடுக்கிறோம்." அவ்வளவுதான் கடிதம். எந்தத் தளத்துக்கு நிறைய இடங்களிலிருந்து இணைப்பு வருகிறதோ அது மதிப்புள்ளது என்று தேடுபொறி கணக்குப் போடும். அந்த மதிப்பைப் பண்டமாற்றில் வாங்கிக்கொண்டிருந்தோம். பர்னிச்சர் கடைத் தளத்தில் ஜோதிடர் இணைப்பு, ஜோதிடர் தளத்தில் பல் டாக்டர் இணைப்பு.

2012 ஏப்ரலில் கூகுள் பென்குயின் என்று ஒரு மாற்றம் கொண்டுவந்தது. செயற்கையாகக் கட்டிய இணைப்புகளைக் கண்டுபிடித்துக் கீழே தள்ளுவதுதான் அதன் வேலை. எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் தளம் முதல் பக்கத்திலிருந்து எங்கேயோ போனது. அடுத்த ஆறு மாதம் என் வேலை என்ன தெரியுமா? அதே நூறு பேருக்கும் மறுபடி மின்னஞ்சல். "தயவுசெய்து எங்கள் இணைப்பை எடுத்துவிடுங்கள்." எடுத்துவிட ஒருவர் காசு கேட்டார்.

மதுரை ஐயா காலத்தில் பின்னூட்டத்தோடு தங்கள் பக்கத்தின் சுட்டியையும் விட்டுப் போவார்கள். தேடலில் மேலே வரலாம் என்ற ஆசை. அந்தச் சுட்டிகளைக் கணக்கில் எடுக்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோ குறி 2005-லேயே வந்துவிட்டது. பிளாக்கர் பின்னூட்டங்களில் அது தானாகவே சேர்ந்துவிடும். எந்தத் தளத்துக்கு அதிகம் ஆள் போகிறது என்று வரிசை போட்ட அலெக்சா தரவரிசைக்காக, ஒருவரையொருவர் அதன் கருவிப்பட்டையை உலாவியில் நிறுவச் சொன்னதும் அப்படித்தான். பட்டை வைத்திருப்பவர்களின் நடமாட்டத்தை வைத்துத்தான் பெரும்பாலும் வரிசை போட்டார்கள். பட்டை வைத்த பத்துப் பதிவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்தால் பத்துப் பேரும் முன்னேறுவார்கள். 2022 மே மாதம் அந்த அலெக்சா தரவரிசைச் சேவையையே மூடிவிட்டார்கள்.

நாமக்கல் அண்ணா, உங்கள் 38-ல் ஒரு சின்னச் சந்தேகம். பிளாக்கர் புள்ளிவிவரப் பக்கத்தில், நம்முடைய சொந்தப் பார்வைகளைச் சேர்க்காமல் விடச் சொல்லும் வசதி ஒன்று இருக்கிறது. அதைப் போட்டிருக்கிறீர்களா? கணினியில் ஒரு தடவை, போனில் ஒரு தடவை, தனித்தனியாகப் போட வேண்டும்.

மதுரை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

மட்டக்களப்புத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு தேதிக்கு நேராக 'அருமை – 14 பேருக்கு' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. என்ன எழுதியிருந்தார்கள் என்று ஒன்றுகூட நினைவில்லை.

நாமக்கல், மாடித்தோட்டம் பற்றி எழுதுபவர்

சென்னைத் தம்பி, அந்த வசதியை நான் போட்டிருக்கவில்லை. இரண்டு இடத்திலும் போட்டுவிட்டு ஒரு நாள் பொறுத்துப் பார்த்தேன். 11.

அப்படியானால் மீதி 27 தடவை என் தோட்டத்தை நானேதான் சுற்றிப் பார்த்திருக்கிறேன். மனைவியிடம் இதைக் காட்டவில்லை. குழுவிலிருந்து வெளியே வந்தாகிவிட்டது. இரண்டு பேர் ஏன் என்று தனியாகக் கேட்டார்கள், ஒருவர் நான் அவருக்கு இன்னும் நான்கு கருத்து பாக்கி என்றார். நாளைக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன்.

அந்த 11 பேரில் ஒருவர் நேற்று ராத்திரி, தொட்டியில் இருக்கிற செம்பருத்தி முழுக்க வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிக்கிடக்கிறது, வேப்பெண்ணெயைத் தண்ணீரில் ஊற்றினால் கலக்காமல் மேலேயே மிதக்கிறதே என்று கேட்டிருக்கிறார். சோப்புக் கரைசலில் முதலில் அடித்துக் கலந்துகொள்ள வேண்டும், வெயில் தாழ்ந்த பிறகுதான் தெளிக்க வேண்டும். அவர் வீட்டுத் தொட்டி எவ்வளவு பெரிது என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் அதையே ஓர் இடுகையாக எழுதலாம் என்று இருக்கிறேன். புது நாற்றும் போட்டிருக்கிறேன், இந்தத் தடவை மிளகாய்.