பிரிச்சு மாட்டுற பாய் கானோ: குடும்பத்தோட போனவங்க அனுபவம் எழுதுங்க

எங்க வீட்ல நாலு பேர், தண்ணில இறங்கினா நாலு பேருக்கும் நாலு விதமான ஆசை. சின்னவனுக்கு குதிச்சுக்கிட்டே இருக்கணும், பெரியவளுக்கு ஸ்பீடு வேணும், வீட்டுக்காரம்மாவுக்கு சத்தமில்லாம கரையோரமா துடுப்பு போட்டுக்கிட்டு பறவை பார்க்கணும், எனக்கு பாய் கட்டி ஓட்டணும். அதுக்காக நாலு படகா வாங்க முடியும், அதான் மாடுலர் கானோ (துண்டு துண்டா பிரிச்சு மாட்டுற ஒல்லியான துடுப்புப் படகு) பக்கம் வந்தோம்.

எங்களோடது 16 அடி, மூணு துண்டா பிரியும். ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்குப் பாத்திரம் மாதிரி உக்காந்துக்கும், ரூஃப் ரேக்கே வேணாம், வண்டிக்குள்ளயே வச்சு கொண்டு போயிடலாம். துண்டு சேர்ற இடத்துல முழுத் தடுப்பு இருக்கு, அதனால ஒண்ணுல தண்ணி பூந்தாலும் அடுத்ததுக்குப் போகாது, குழந்தைங்கள ஏத்துறப்ப இது எனக்கு பெரிய தைரியம்.

காலைல காத்து இல்லாத நேரம் வெறும் கானோதான். நாணல் நடுவுல குறுகலான வழியில எல்லாம் நுழைஞ்சு போகும், அது வீட்டுக்காரம்மாவோட நேரம். காத்து கிளம்பினதும் கரைக்கு வந்து குறுக்குக் கம்பி ரெண்டு, பக்கத்துக்கு ஒண்ணா மிதவை ரெண்டு, பாய்மரம், பக்கவாட்டுப் பலகை (லீபோர்டு) எல்லாம் மாட்டிடுவோம், அரை மணி நேரம் போல ஆகும், குழந்தைங்களே பாதி வேலை பாத்துடுவாங்க. இந்த பலகை இல்லேன்னா பாய் கட்டியும் பிரயோஜனம் இல்ல, காத்து தள்ளுற பக்கமே படகு நழுவிக்கிட்டு போகும். அது இருந்தாதான் காத்துக்கு 45 டிகிரி அளவுக்காவது எதிர்த்து ஏற முடியும்.

என்னைக் கேட்டா காசை முதல்ல மிதவைல போடுங்க, பாய் அப்புறம். 90 செ.மீ. அகலக் கானோல பாய் கட்டினா ஒருத்தர் எப்பவும் உடம்ப வெளிய சாய்ச்சுக்கிட்டே இருக்கணும், குழந்தை திடீர்னு இந்தப் பக்கம் வந்தா கதை முடிஞ்சுது. மிதவை மாட்டினா அகலம் ரெண்டரை மீட்டர் பக்கம் வந்துடுது, நடுவுல வலை கட்டிட்டா அதுல புள்ளைங்க படுத்துக்கிட்டே கால தண்ணில விட்டுக்கிட்டு வரலாம். மிதவை ரெண்டும் தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல இருக்கற மாதிரி வைங்க, ரெண்டும் சேர்ந்து இழுபடாது. சாயுற பக்கத்து மிதவை முழுசா அமுங்க ஆரம்பிச்சா உடனே பாய்க் கயிற லூஸ் பண்ணிடணும். அதனாலதான் அந்தக் கயிற நாங்க எங்கயும் கட்டி வைக்கவே மாட்டோம், யாராவது ஒருத்தர் கையிலதான் இருக்கும், பெரும்பாலும் பெரியவ கையில, அவளுக்கு அதுல அவ்ளோ பெருமை.

இன்னொண்ணு, காத்து வேகம் ரெண்டு மடங்கானா பாய் மேல விழுற அழுத்தம் நாலு மடங்கு. எங்க பாயை பாய்மரத்துலயே சுத்தி சின்னதாக்கலாம், தண்ணி மேல அங்கங்க வெள்ளை நுரை தெரிய ஆரம்பிச்சாலே சுத்திடுவேன், நிறைய தெரிஞ்சா பாயே வேணாம்னு கரைக்கு வந்துடுவோம். லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும், நீச்சல் தெரிஞ்சவங்களுக்கும்தான். சின்னவனோடதுல கால் நடுவுல போற ஸ்ட்ராப்பும் கழுத்துப் பின்னாடி பிடிக்க கைப்பிடியும் இருக்கு, அது இல்லாதத வாங்காதீங்க.

—

அருமையா எழுதிருக்கீங்க. நாங்க அம்மாவையும் கூட்டிட்டுப் போறோம், முட்டி வலி, குனிஞ்சு ஏறவே முடியாது. மிதவை மாட்டினப்புறம் முழங்கால் தண்ணில படகை நிறுத்தி வலை மேல உக்கார வச்சு அப்படியே சீட்டுக்கு நகத்திடுவோம், ஆடவே ஆடாது. வெறும் கானோவுக்கு அவங்க ஒத்துக்கவே மாட்டாங்க. ஒருநாள் எதிர்க்கரைல இருக்கறப்ப காத்து சுத்தமா செத்துப்போச்சு, வேற பாய்ப்படகா இருந்தா அங்கயே தவம்தான், நாங்க பாயை சுத்தி வச்சுட்டு துடுப்பு போட்டு வந்துட்டோம், அம்மாவும் ஒரு துடுப்பு வாங்கிப் போட்டாங்க! அதுக்கப்புறம் குறுக்குக் கம்பில சின்ன பேட்டரி மோட்டாரும் மாட்டுறோம். பேட்டரி கனம், அதை நடுவுல அடித்தளத்துல வச்சு கட்டிடுங்க. ஒரே குறை, மிதவை இருந்தா துடுப்பு அதுல இடிக்கும், உக்கார்ற இடத்துக்கு நேரா வராம கம்பிய கொஞ்சம் முன்ன பின்ன மாத்திக்கணும். அப்புறம் திரும்புறதும் மெதுவாதான், வேகம் குறையுறதுக்கு முன்னாடியே படகு மூக்கை காத்து வர்ற திசையைத் தாண்டித் திருப்பிடணும், இல்லேன்னா பாதில நின்னுடும்.

—

ரெண்டு மிதவை கட்டாயமா? நாங்க ஒண்ணுதான் வச்சிருக்கோம், தூக்கவும் மாட்டவும் சுலபம். மைக்ரோனேசியா தீவுகள்ல ஒரே மிதவையோட பெருங்கடலே தாண்டியிருக்காங்க, ஆனா அவங்க மிதவைய எப்பவும் காத்தடிக்கிற பக்கமே வச்சுக்குவாங்க, திசை மாத்த படகைத் திருப்பாம பாயை இந்த முனைலேந்து அந்த முனைக்குக் கொண்டு போவாங்க. அந்தக் கைப்பழக்கம் நமக்கு இல்ல, அதனால பாய் கட்டி குழந்தைங்களோட போறப்ப ரெண்டு மிதவைதான் சரின்னு நானும் சொல்வேன். மீன் பிடிக்க, துடுப்பு போட ஒண்ணே போதும்.

உப்புத் தண்ணில ஓட்டுறவங்களுக்கு: அலுமினிய கம்பில ஸ்டெயின்லெஸ் போல்ட் இருந்தா சேர்ற இடத்துல அரிக்கும், வந்ததும் எல்லாத்தையும் கழட்டி நல்ல தண்ணில கழுவுங்க, மாட்டினபடியே விட்டா அடுத்த தடவ கழட்டவே வராது.

—

மேல சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. கூடவே, கம்பில மாட்டுற பின் (pin) எல்லாத்தையும் சின்ன கயிறு போட்டு அந்தந்த கம்பிலயே கட்டிடுங்க, தண்ணில விழுந்தா கிடைக்காது. உதிரி பின் ரெண்டு லைஃப் ஜாக்கெட் பாக்கெட்லயே இருக்கட்டும்.