தடைக்காலத்தில் மட்டும் சபைக்கு வந்தவர் ஞானஸ்நானம் கேட்கிறார், என்ன சொல்வது?

ராயபுரம்வாசி:
எங்களுடையது காசிமேடு பக்கம் ஒரு சின்ன சபை. விசைப்படகில் வேலை செய்கிற ஒருவர், மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அந்த 61 நாளும், ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். அந்தச் சமயத்தில் வேலையில்லாத குடும்பங்களுக்கு அரிசிப் பை கொடுத்துக்கொண்டிருந்தோம். தடை முடிந்தது, ஆளைக் காணோம். அப்புறம் எப்போதாவது தலை காட்டுவார். ஒருநாள் ஆராதனை நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார், பீடி பிடிக்கத்தான் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ‘அரிசிக்கு வந்த ஆள்’ என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது நானும் ஆமாம் போட்டேன். இப்போது ஞானஸ்நானம் கேட்கிறார், பாஸ்டர் என்னைப் பார்த்துச் சொல்லச் சொல்லிவிட்டார். மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்பதும் பைபிளில் மத்தேயு 7-இல்தான் இருக்கிறது, கனிகளினாலே, அதாவது செய்கைகளை வைத்து, அறிவீர்கள் என்பதும் அதே அதிகாரத்தில்தான். எத்தனை நாள் பார்த்தால் ஒரு ஆளைத் தெரியும் என்று சொல்லலாம்?

வலைக்காரர் மகள்:
அண்ணே, எங்க அப்பா லாஞ்சில் போனவர். போனால் எட்டு நாள், பத்து நாள் ஆகும், கரைக்கு வரும் நாளை டீசலும் ஐஸும்தான் தீர்மானிக்கும். ஞாயிறு விடியலில் படகு வந்தால் அன்றைக்குத்தான் வியாபாரம் அதிகம், மீனை இறக்கி ஏலம் முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும். அப்பா எங்களோடு கோயிலுக்கு வந்ததே தடைக்காலத்தில்தான். வேலை இல்லாததால் வர முடிந்தது, அதைப் போய் அரிசிக்காக என்று முடிவு கட்டிவிட்டீர்கள். மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்த்து நல்லது கெட்டது சொல்லிவிடலாம், ஆளை அப்படிச் சொல்ல முடியுமா? அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? காரியத்தைக் கேட்குமுன் பதில் சொல்வது புத்தியீனமும் வெட்கமும் என்று நீதிமொழிகள் 18-இல் இருக்கிறதே.

ஓய்வுநாள் பள்ளி டீச்சர்:
சகோதரர் கேட்ட கனிகள் வசனத்துக்கு முந்தின வசனத்தையும் படிக்க வேண்டும், அது கள்ளத் தீர்க்கதரிசிகளைப் பற்றியது, புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிற ஆளைப் பற்றியது இல்லை. மத்தேயு 13-இல் இயேசு சொன்ன உவமையில் கோதுமை வயலில் முளைக்கிற களையைப் பாருங்கள். அந்த ஊர்க் களை கதிர் விடும்வரை கோதுமை மாதிரியே இருக்கும், வேரும் வேரும் பின்னிக் கிடக்கும். பிடுங்கட்டுமா என்று வேலைக்காரர்கள் கேட்டபோது எஜமான் வேண்டாம் என்றது கோதுமையும் சேர்ந்து வந்துவிடுமே என்பதற்காக. எத்தனை நாள் என்று கேட்டீர்கள். லூக்கா 13-இல் மூன்று வருஷம் காய்க்காத அத்திமரத்துக்காகத் தோட்டக்காரன் இன்னும் ஒரு வருஷம் கேட்கிறான், அதுவும் சும்மா இல்லை, சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்கிறான். அவர் வராத வாரங்களில் சபையிலிருந்து யாராவது அவர் வீட்டுப் படி ஏறினீர்களா?

பெரம்பூர்க்காரன்:
எல்லாம் சரி, ஆனால் நான் பட்டவன். வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒருவரிடம் எங்கள் சபையில் கட்டடக் காணிக்கைக் கணக்கைக் கொடுத்தோம், பணம் போனது போனதுதான். பொறுப்புக்கு வருகிறவர்கள் முன்னதாகச் சோதிக்கப்படவேண்டும் என்று 1 தீமோத்தேயு 3-இல் இருப்பது அதற்குத்தான். ஆனால் அது பொறுப்புக்கு. ஞானஸ்நானம் கேட்பவரிடம் அந்த அளவுகோலை நீட்டக்கூடாது. ஊழியப் பயணத்தில் பம்பிலியா நாட்டில் பாதியில் விட்டுப்போன மாற்குவைத் திரும்பச் சேர்க்கவே மாட்டேன் என்று அப்போஸ்தலன் பவுல் நின்றார், உடன் ஊழியரான பர்னபாவோடு பிரியும் அளவுக்குச் சண்டை. பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குப் போனார். கடைசியில் அதே பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார். இடையில் பல வருஷம்.

ராயபுரம்வாசி:
நேற்று சாயங்காலம் துறைமுகத்துக்குப் போனேன். வலை பொத்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் எழுந்து லுங்கியில் கையைத் துடைத்தார். அன்றைக்கு ஏன் உள்ளே வரவில்லை என்றுதான் முதலில் கேட்டேன். ‘படகிலிருந்து நேரா வந்தேன் பிரதர், உடம்பெல்லாம் மீன் கவுச்சி, ஃபேன் காத்துல எல்லார் மேலயும் அடிக்கும், மைக் வெளியவே கேக்குதுன்னு நின்னுட்டேன்’ என்றார். அந்த மைக்கில் அன்றைக்கு ஜெபம் செய்தது நான். கமிட்டியில் நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று பாஸ்டரிடம் இரவே சொல்லிவிட்டேன். அரிசி விஷயத்தை அவரிடம் கேட்கவில்லை, கேட்கவும் தோன்றவில்லை.