படர்தாமரைக்கு மெடிக்கலில் வாங்கிப் போட்ட க்ரீம்: உங்களுக்கு என்ன ஆனது?

திருப்பூர்க்காரன்:
தொடை இடுக்கில் வந்தது. அதே வட்டம், அதே அரிப்பு, விவரிக்கத் தேவையில்லை. பனியன் கம்பெனியில் அயர்ன் மேசை பக்கத்தில் நாள் முழுக்க வியர்வையோடு நிற்கிற வேலை. மெடிக்கலில் கேட்டேன், ஒரு டியூப் கொடுத்தார், இரண்டே நாளில் அரிப்பு நின்றது. விட்டதும் வந்தது, திரும்பப் போட்டேன், இப்படியே ஏழு மாதம் ஓடி இடுப்பு வரை ஏறிவிட்டது. தோல் டாக்டர் முதலில் டியூபைத்தான் கேட்டார். திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ஒரு பெயரின் மேல் பேனாவை வைத்தார். க்ளோபெட்டசால். ஸ்டீராய்டு. "அரிப்பை இது அமுக்கிவிடும், தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அமுக்கிவிடும், பூஞ்சை பாட்டுக்கு உள்ளே வளரும்" என்றார். இட்ராகோனசோல் மாத்திரையில் மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது. ஆனால் பிள்ளை பெற்றவர்களுக்கு வயிற்றில் விழுமே, அந்த மாதிரி வரிகள் தொடையில் விழுந்துவிட்டன. அவை முழுசாகப் போகாதாம். அந்தப் பேனா முனை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மருந்துக்கடை ஊழியன்:
எங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 2018லேயே 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு கொண்டுவந்தது. சீட்டு கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள், நீங்களும் போயிருப்பீர்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு அம்மா பிதுக்கித் தீர்ந்த டியூபைக் காட்டி, மகளுக்கு முகம் வெளுக்க இதையே கொடுங்கள் என்றார். பின்னால் நின்ற அந்தப் பெண் துப்பட்டாவை விலக்கினாள். கன்னம் இரண்டும் வெந்தது போலச் சிவந்து, பரு பருவாக, பூனை முடியோடு. "போடாவிட்டால் எரியுது அண்ணா" என்றாள். அன்றைக்குப் பிறகு சீட்டு இல்லாமல் அந்த வகை எதையும் நான் எடுத்துக் கொடுத்ததில்லை.

ஐந்து பேர் வீடு:
எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் வந்தது, ஒரு வருடம் ஒருவர் மாற்றி ஒருவருக்கு. திருப்பூர் அண்ணா, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ எல்லாரும் ஒரே நேரத்தில் மருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். துண்டு ஆளுக்கொன்று. உள்ளாடையைச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காயப் போடுங்கள், ஈரத்தோடு உடுத்தவே வேண்டாம். களிம்பை வட்டத்தின் மேல் மட்டும் தடவாமல், சுற்றி இரண்டு சென்டிமீட்டர் தள்ளியும் தடவ வேண்டும். அரிப்பு நின்றாலும் டாக்டர் சொன்ன நாள் வரை விடக் கூடாது. பூண்டை அரைத்துப் பூசாதீர்கள், என் தம்பிக்குத் தோல் வெந்து கொப்புளமே வந்துவிட்டது. அப்புறம் அரைஞாண் கயிறு! வியர்வையை இழுத்து வைத்துக்கொண்டு பூஞ்சைக்கு இடம் கொடுப்பதே அதுதான். எங்கள் டாக்டர் அதைக் கழற்றச் சொன்ன பிறகுதான் அப்பாவுக்கு இடுப்பில் வருவது நின்றது.

கடலூர் மகள்:
அரிக்காத தேமலைப் பற்றி யாருமே எழுதவில்லை. என் அப்பாவுக்கு முழங்கைக்கு மேலே வெளிறிய திட்டு ஒன்று. வலி இல்லை, அரிப்பு இல்லை, அதனால் இரண்டு வருடம் கடைக் களிம்பிலேயே விட்டுவிட்டோம். டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, தொடுகிற இடத்தை விரலால் காட்டுங்கள் என்றார். சுற்றிலும் தொட்டபோது சரியாகக் காட்டினார். திட்டின் நடுவில் தொட்டபோது கை அசையவே இல்லை, "தொடுங்க டாக்டர்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு கலங்கிவிட்டது. தொழுநோய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே மாத்திரை கொடுத்தார்கள், ஆறு மாதத்தில் முடிந்தது. இப்போது நன்றாக இருக்கிறார், வயலுக்குப் போகிறார். உணர்ச்சி இல்லாத திட்டு என்றால் தயவுசெய்து எந்தக் களிம்பும் தடவாமல் நேராகப் போய்க் காட்டுங்கள்.

திருப்பூர்க்காரன்:
ஐந்து பேர் வீட்டுக்கு நன்றி. கயிறு பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. நேற்று ராத்திரியே அறுத்துவிட்டேன். அம்மா இன்னும் பேசவில்லை.