மரத்துளை வண்டு: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

சாட்ஸ்வர்த்திலிருந்து (தென்னாப்பிரிக்கா, டர்பன்):

போன ஆடியில் எங்கள் வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். கேஸ் அடுப்பில் காய்ச்சினால் அம்மாவுக்குத் திருப்தி இருக்காது, விறகு அடுப்புதான் வேண்டும். பின்கட்டில் அவகாடோ மரத்தின் ஒரு பெரிய கிளை வாடிக்கிடந்ததால் அதையே வெட்டினோம். பட்டையில் அங்கங்கே சர்க்கரையைக் கொட்டினாற்போல வெள்ளைப் பொடி. விரலால் துடைத்தேன். அடியில் பால்பாயிண்ட் பேனா முனை அளவுக்கு ஒரு துளை. ஏதோ பூச்சி என்று விட்டுவிட்டேன்.

கூழ் காய்ச்சியது போக மிச்ச விறகைச் சித்தப்பா பக்கியில் (சின்ன லாரி மாதிரி வண்டி) ஏற்றி பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக் கொண்டுபோனார். பிராய்க்கு, அதாவது வெளியில் கறி சுடுவதற்கு, ஆகுமாம்.

இரண்டு வாரம் கழித்துத்தான் அது மரத்துளை வண்டு என்று தெரிந்தது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது, 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். மரத்தைத் துளைத்து உள்ளே ஒரு பூஞ்சையை வளர்த்து அதைத் தின்கிறது. மரத்தைக் கொல்வது அந்தப் பூஞ்சைதான். அது நீர் ஏறும் பாதையை அடைத்துவிடும். ஆண் வண்டுக்குப் பறக்க வராது. கூடுக்குள்ளேயே கூடப் பிறந்தவற்றோடு சேர்ந்துவிடுவதால், ஒரே ஒரு பெண் வண்டு போய்ச் சேர்ந்தாலும் புதிய கூட்டம் உண்டாகிவிடும். வெட்டிப் போட்ட கட்டைக்குள்ளும் பல வாரம் உயிரோடிருக்கும்.

உடனே போன் போட்டேன்.

"சித்தப்பா, அந்த விறகை எரிச்சிட்டீங்களா?"

"பாதி எரிச்சாச்சு. மீதியைக் கராஜ் பக்கத்துல அடுக்கி வச்சிருக்கேன்டா. ஏன், திருப்பி வேணுமா?"

பீனிக்ஸிலிருந்து (இதுவும் டர்பன்தான்):

தம்பி, உங்கள் சித்தப்பாவைக் குறை சொல்லாதீர்கள், நாமெல்லாரும் செய்வதுதான் இது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரை முழுக்க ஆமணக்கு. அந்த வண்டு ஆமணக்கிலும் குஞ்சு பொரிக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. மருந்து அடித்தால் போகாதா என்று கேட்டுப் பார்த்தேன். கட்டைக்குள்ளே இருப்பதை மேலே அடிக்கும் மருந்து எட்டாதாம். ஆமணக்கை வேரோடு பிடுங்கி அங்கேயே போட்டு எரித்தோம். குப்பை வண்டியில் போட மனம் வரவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

இந்த வண்டை இந்த நாட்டில் முதலில் அடையாளம் கண்டதே எங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவில்தான், 2017-இல். பிறகு பார்த்தால் 2012-லேயே டர்பனில் பிடித்த ஒரு வண்டும் இதே இனமாம். அதனால் ஊர்ச் சண்டை வேண்டாம்!

என் கதை வேறு. வாசலில் ஒரு சிரிங்கா மரம், வேம்புக்குச் சொந்தக்கார மரம். பாட்டி காலத்தில் வேப்பிலை கிடைக்காதபோது அம்மை போட்டவர்களுக்கு அந்த இலையைத்தான் வைப்பார்கள். அதுவும் அந்நிய மரம்தான், கட்டுக்கடங்காமல் பரவும் அந்நியச் செடிகளின் அரசுப் பட்டியலில் இருக்கிறது. ஊருக்குள் ஏற்கெனவே நிற்பதை வைத்துக்கொள்ளலாம், புதிதாக நடவோ விற்கவோ கூடாது. ஆற்றோரம் என்றால் அதுவும் கிடையாது, எடுத்தே ஆகவேண்டும். போன வருஷம் வீட்டை விற்கும்போதுதான் இதெல்லாம் தெரிந்தது. அரசு விதிகளின்படி, மனையில் இப்படிப்பட்ட செடி கொடி இருந்தால் ஒப்பந்தத்துக்கு முன்பே வாங்குபவருக்கு எழுத்தில் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஏஜெண்ட் வாயே திறக்கவில்லை. வாங்க வந்த அம்மாதான் மரத்தைக் காட்டிக் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சாட்ஸ்வர்த்திலிருந்து (மறுபடியும்):

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. விறகைக் கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் சுற்றி வெயிலில் போட்டால் சூட்டிலேயே வண்டு செத்துவிடும் என்று படித்தேன். ஆனால் அதற்குக் கோடை வெயில் வேண்டும், அதுவும் 6 வாரம். இந்தக் குளிரில் நடக்காத காரியம். திருப்பிக் கொண்டுவரவும் கூடாது, வழியெல்லாம் விதைத்துக்கொண்டு வருவதுபோல் ஆகிவிடும். இருக்கும் இடத்திலேயே எரிப்பதுதான் வழி.

பக்கியின் பின்தட்டில் உதிர்ந்து கிடந்த பட்டைத் தூளையும் கூட்டி அள்ளி நெருப்பில் போடச் சொன்னேன். சித்தப்பா சிரித்துவிட்டு, "புரட்டாசி பொறக்கறதுக்குள்ள எரிச்சு முடிக்கணும்னா சனிக்கிழமை எல்லாரும் வந்துடுங்க. விறகு என்னுது, கறி உன்னுது" என்றார்.